சந்து தீவானால் எத்தனை மணி நேரம் தாங்கும்? தாராவியில் ஒரு வெள்ள மதிப்பீட்டுச் சேவை பற்றி

மும்பையில் மழை வெள்ளம் என்றால் "வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்போம். வீட்டுக்குள் ஒரு சொட்டு வராமலே ஒரு சந்து முழுக்க மாட்டிக்கொள்ளும். உள்ளே தரை காய்ந்து கிடக்கும், சந்தின் வாயில் மட்டும் தொடையளவு தண்ணீர் நிற்கும். டயாலிசிஸுக்குப் போகவேண்டியவர் போக முடியாது. பள்ளியில் நிற்கும் பிள்ளையை அழைத்துவர முடியாது. பொதுக் கழிப்பறைக்குப் போக வழியிருக்காது. வெள்ளத்தில் மூழ்குவது வேறு, வெள்ளத்தால் துண்டுபட்டுப் போவது வேறு. இந்த இரண்டாவதை அளந்து தருகிறோம் என்று ஒரு சிறிய பொறியாளர் குழு தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பக்கத்துச் சால் (வரிசை வீடுகள்) கமிட்டிகளிடமும் சொசைட்டிகளிடமும் வேலை எடுக்கிறது. குழுவின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலைக்கு வேறு யாரை அழைத்தாலும் இங்கே சொல்வது பொருந்தும்.

கட்டணம், 150 கோலி (ஓர் அறை வீடு) வரை உள்ள ஒரு தொகுப்புக்கு 24,000 ரூபாய். கோலிக்கு 160 ரூபாய் விழுகிறது. அதற்கு ஏப்ரல் அல்லது மே மாதத்தில் ஒரு முழு அளவை, மழை பிடித்த பிறகு ஒரு நேரடி வருகை, சுவரில் மாட்டும் அளவில் ஒரு வரைபடம், வெளியேறும் வழிகளின் அட்டவணை, வீட்டுக் கணக்கு, கடைசியில் ஒரு செயல்திட்டம் தருகிறார்கள். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வழிகளை அளக்கும் பகுதி முதல் தரம். ஆட்களைக் கணக்கெடுக்கும் பகுதி அரைகுறை. எத்தனை மணி நேரம் அடைபடும் என்று சொல்லும் பகுதியை இப்போது இருக்கிறபடி நம்பக் கூடாது.

முதலில் நல்லதைப் பார்ப்போம். சந்தின் தரைமட்டத்தைக் கண்பார்வையில் மதிப்பிடாமல், லெவல் கருவியும் அளவுகோலும் வைத்து 5 மீட்டருக்கு ஒரு புள்ளியாக எடுக்கிறார்கள். கருவியை நிறுத்த இடமில்லாத இடங்களில், கொத்தனார்கள் வைத்திருக்கும் அதே டியூப் மட்டம்தான்: தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், இரண்டு முனையிலும் இரண்டு பேர். குழாயில் காற்றுக் குமிழி ஒன்று நின்றாலும் அளவு தப்பிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டி, இரு முனையையும் அருகருகே பிடித்துச் சரிபார்த்துவிட்டே நகர்கிறார்கள். ஆரம்பப் புள்ளிக்கு ஒரு படியில் சிவப்புக் கோடு போடுகிறார்கள். மற்ற எல்லா உயரமும் அந்தக் கோட்டிலிருந்துதான்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றால், தேவை. ஒரு வழியின் தலையெழுத்தை அதிலுள்ள மிகத் தாழ்ந்த இடமே எழுதுகிறது. 80 மீட்டர் சந்தில் 75 மீட்டர் மேடாக இருந்து கடைசி 5 மீட்டர் பள்ளமாக இருந்தால் அந்த வழி பள்ளமான வழிதான். மேலும் மும்பைச் சாலைகளை கான்கிரீட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பழைய தார்ச்சாலை இருந்தபோது சந்திலிருந்து வெளியே வடிந்த தண்ணீர், சாலை உயர்ந்தபின் உள்ளே திரும்பும். நேற்றுவரை மேடாக இருந்த சந்து இன்று கிண்ணமாகியிருக்கலாம். ஆகவே சாலை வேலைக்கு முன் எடுத்த எந்த அளவும் செல்லாது. அறிக்கையில் அளவெடுத்த தேதியை ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்டிருப்பது சரியான செயல்.

அடுத்து, சந்துகளை வகைபிரிப்பது. இந்த முறை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆற்று வெள்ளத்துக்கு ஊர்களை இப்படித்தான் பிரிக்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர் வந்தாலும் நடுவில் மூழ்காத இடம் மேட்டுத் தீவு. முதலில் வழி அடைபட்டு, பிறகு இடமே மூழ்கினால் அது தாழ் தீவு. ஒரு பக்கம் மட்டும் மேடு இருந்து, அங்கே போய் மாட்டிக்கொள்ளும் விளிம்பு நிலம் இன்னொரு வகை. தண்ணீர் ஏற ஏற, வழியும் அதற்கு முன்னாலேயே மேடேறிப் போகும் இடம்தான் இருப்பதிலேயே பாதுகாப்பானது. தாழ் தீவில் இருப்பவர்கள் தண்ணீர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, வழி திறந்திருக்கும்போதே வெளியேற வேண்டும். மேட்டுத் தீவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டியதில்லை, ஆனால் உள்ளேயே தாக்குப்பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை கொடுத்தால் ஒருவருக்கு அது ஆபத்தாகவே முடியும்.

பரந்த ஆற்றுப் படுகைக்குச் செய்த முறையை 90 செ.மீ. சந்துக்குக் கொண்டுவருவது எளிதல்ல. இந்தக் குழு அதை நன்றாகவே செய்திருக்கிறது. தாராவி ஒரு பக்கம் மேற்கு ரயில் பாதை, ஒரு பக்கம் மத்திய ரயில் பாதை, வடக்கே மித்தி ஆறு என்று ஏற்கெனவே மூன்று பக்கமும் கட்டுப்பட்ட இடம். பவாய், விகார் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் மித்தியாகச் சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தில் கடலைச் சேருகிறது. அதன் கரையில் சதுப்பைத் தூர்த்து எழுந்த குடியிருப்பு இது. வெளியே போகும் வாசல்கள் எண்ணிக்கையில் நிறைய இருப்பதுபோல் தெரியும். உண்மையில் எத்தனை என்பதுதான் கேள்வி.

அறிக்கையில் எங்களுக்கு மிகப் பிடித்த பக்கம் இதைப் பற்றியது. ஒரு தொகுப்புக்கு வரைபடத்தில் மூன்று வாசல்கள். மூன்றையும் தொடர்ந்து பெரிய சாலைவரை அளந்து பார்த்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே முச்சந்திப் பள்ளத்தில் போய்ச் சேருகின்றன. அந்தப் பள்ளம் நிரம்பினால் மூன்றும் ஒரே நேரத்தில் அடைபடும். ஆகவே கணக்கில் அதை ஒரே வாசல் என்று குறித்திருக்கிறார்கள். இப்படிக் குறிக்கும் நேர்மை எல்லா அறிக்கையிலும் இருப்பதில்லை.

ஒரு வாசல் மூடினால் கூட்டம் முழுக்க அடுத்த வாசலுக்குப் போகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 19 அன்று நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஹார்பர் பாதை லோக்கல் ரயில் நின்றது, ஜனம் மோனோரயிலில் ஏறியது. 104 டன் தாங்கும் வண்டியில் சுமார் 109 டன் ஏறி, மைசூர் காலனி அருகே உயரத்தில் நின்றுபோனது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை ஏணி வைத்து இறக்கினார்கள். தண்ணீரே படாத உயரத்தில் ஓடும் வண்டியும் வெள்ளத்தால் நிற்கும். அந்தக் கணக்கில்தான் ரயில்வே நடைமேம்பாலங்களையும் பார்க்க வேண்டும். நடப்பவருக்கு அது வாசல், நாற்காலியில் தூக்கிச் செல்லப்படுபவருக்குப் பாதி வாசல், சக்கர நாற்காலிக்கு வாசலே இல்லை. அறிக்கை இந்த மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் காட்டுகிறது.

ஒரு குறையும் உண்டு. சயான் ஸ்டேஷனை ஒட்டிய பழைய மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 1 முதல் வாகனங்களுக்கு மூடப்பட்டு, இடித்துக் கட்டும் வேலை தொடங்கியது. தாராவிப் பக்கத்திலிருந்து சயான் ஆஸ்பத்திரிக்குப் போகும் முக்கிய வழி அது. அறிக்கையின் முதல் வரைவில் ஆம்புலன்ஸ் வழி அந்தப் பாலத்தின் மேலேயே போட்டிருந்தது. கமிட்டி சுட்டிக்காட்டிய பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். வரைபடத்தை இணையத்திலிருந்து எடுத்து அதன்மேல் கோடு போட்டால் இப்படித்தான் ஆகும். ஆஸ்பத்திரிவரை உள்ள வழியை, அறிக்கை கையில் கிடைத்த வாரத்தில் ஒருவர் நடந்து பார்த்துவிட வேண்டும்.

சந்தின் அகலத்தை அளந்த விதத்தை விரிவாகச் சொல்லலாம். ஸ்ட்ரெச்சர் அளவுக்கு, 2 மீட்டர் நீளம் 55 செ.மீ. அகலத்தில் மூங்கிலால் ஒரு சட்டம் கட்டி, அதை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோலி வாசலிலிருந்தும் சாலைவரை நடந்திருக்கிறார்கள். நேர்ச்சந்தில் சட்டம் போய்விடும். திருப்பத்தில்தான் சிக்கும். செங்கோணத் திருப்பத்தில் இந்தச் சட்டம் படுத்த நிலையில் திரும்ப வேண்டுமானால் இரு பக்கமும் சுமார் 1.1 மீட்டர் அகலம் வேண்டும். தூக்குபவர்களின் கைக்கும் தோளுக்கும் அதற்கு மேல் இடம் வேண்டும். 90 செ.மீ. சந்தில் அது திரும்பவே திரும்பாது. அங்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணி துவைக்கும் கல், தண்ணீர் டிரம், மச்சுக்கு ஏறும் இரும்பு ஏணி எல்லாம் அகலத்தை இன்னும் தின்றுவிடும். எந்தத் திருப்பத்தில் எந்த ஏணியைக் கழற்றினால் வழி கிடைக்கும் என்று ஏணி வாரியாக எழுதியிருக்கிறார்கள். சட்டம் திரும்பாத வீடுகளுக்கு, கைப்பிடியுள்ள உறுதியான பிளாஸ்டிக் நாற்காலியில் துணிப்பட்டையால் கட்டித் தூக்கும் முறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். 24,000 ரூபாயில் பாதி இந்த ஒரு பகுதிக்கே தகும்.

தண்ணீரின் ஆழத்துக்கு அவர்கள் வைத்த எல்லைதான் முதல் பெரிய தவறு. முழங்கால் அளவு, அதாவது 45 செ.மீ. வரை "நடந்து போகலாம்" என்று எல்லோருக்கும் பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலிய வழிகாட்டுதலே ஆழத்தையும் வேகத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. ஆழம் 30 செ.மீ.க்குள், ஆழத்தை (மீட்டரில்) வேகத்தால் (விநாடிக்கு எத்தனை மீட்டர்) பெருக்கினால் 0.3க்குள் இருந்தால் பொதுவாகப் பாதுகாப்பு. அதற்கு மேல் போனால் சிறு வண்டிகளுக்கு ஆபத்து. அரை மீட்டரைத் தாண்டினால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து. இது தெளிந்த தண்ணீருக்கும் தரை தெரிந்த இடத்துக்கும் சொன்னது. நம் சந்து வாயில் ஓடுவது சாக்கடை கலந்த கறுப்புத் தண்ணீர், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. 2017 ஆகஸ்ட் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு பக்கத்தில் ஒரு மருத்துவர் திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். தண்ணீர் வடியட்டும் என்று மூடியைத் திறந்துவிடுவது இந்த நகரத்தில் சாதாரணம். ஆகவே இங்கே நடக்கும் எல்லை 30 செ.மீ. என்றே வைக்க வேண்டும். மூங்கில் கழியால் முன்னே தொட்டுப் பார்க்காமல் அதையும் கடக்கக் கூடாது. மேன்ஹோல் மூடிகள் எல்லாவற்றையும் வரைபடத்தில் வட்டமிட்டுக் காட்டியிருப்பது பாராட்ட வேண்டியது. ஆனால் அந்த வட்டங்கள் சுவரில் மாட்டிய படத்தில் மட்டும் இருந்து பயனில்லை. ஒவ்வொரு மூடிக்கும் நேரான சுவரில், நெஞ்சு உயரத்தில், பெயிண்ட் குறி வேண்டும். இதைக் கமிட்டியே செய்துகொள்ளலாம், ஒரு லிட்டர் எனாமல் போதும்.

இனி நேரக் கணக்கு. இங்கேதான் அறிக்கை உண்மையிலேயே சறுக்குகிறது. ஒரே ஒரு மழை நாளில் வந்து பார்த்துவிட்டு "இந்த வாசல் 3 மணி நேரம் அடைபடும்" என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டார்கள். மும்பையில் அப்படி ஒரே எண் கிடையாது. மழையும் கடலும் சேர்ந்துதான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

நகரத்தின் பழைய வடிகால்கள் கடல் இறங்கியிருக்கும்போது மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. 1993இல் வந்த, மழைநீர் வடிகால்களைப் பற்றிய பிரிம்ஸ்டோவாட் அறிக்கை அதை 50 மி.மீ. ஆக்கச் சொன்னது, அந்த வேலை பல கட்டமாக நடக்கிறது. கடல் ஏறினால் வடிகால் வாய்களின் மதகை மூட வேண்டும், இல்லாவிட்டால் கடல் உள்ளே வரும். மூடினால் பம்பு நிலையம் இருக்கிற இடத்தில் பம்பு தள்ளும், இல்லாத இடத்தில் தண்ணீர் காத்திருக்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பே வெளியிடுகிறது. அந்தப் பட்டியல் இந்த அறிக்கையில் ஒரு மூலையில்கூட இல்லை.

சின்னக் கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு பள்ளத்துக்கு ஒரு ஹெக்டேர் பரப்பின் மழை வந்து சேருகிறது என்று வையுங்கள். மணிக்கு 50 மி.மீ. மழை, வடிகால் 25 மி.மீ. இழுக்கிறது. மிச்சம் 25 மி.மீ., அதாவது ஒரு மணி நேரத்தில் 250 கன மீட்டர். பள்ளத்தின் பரப்பு 800 சதுர மீட்டர் என்றால் மணிக்கு 31 செ.மீ. ஏறும். ஒரே மணி நேரத்தில் நடக்கும் எல்லை தாண்டிவிடும். கடல் ஏறி வடிகால் ஒன்றுமே இழுக்காவிட்டால் அதே 31 செ.மீ. அரை மணி நேரத்தில் வரும். மணிக்கு 60 கன மீட்டர் தள்ளும் பம்பு ஒன்றை வாடகைக்கு வைத்தாலும், மழை நின்றபிறகு அந்த 250 கன மீட்டரை வெளியேற்ற நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தள்ளும் தண்ணீர் நிரம்பி வழியும் நாலாவிலேயே (பெரிய திறந்த வடிகால்) போய் விழுந்தால் திரும்பி வந்துவிடும். அறிக்கை பம்பு வாங்கச் சொல்கிறது. குழாயின் மறுமுனையை எங்கே விடுவது என்று சொல்லவில்லை.

எந்த மழைமானியின் அளவைப் பார்ப்பது என்பதும் முக்கியம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டியது, அதே நாளில் கொலாபாவில் சுமார் 73 மி.மீ. மட்டுமே. ஒரே நகரம்தான். அறிக்கையில் "மும்பை மழை" என்று ஒரு வரி வருகிறது. அப்படி ஒரு மழை இல்லை. உங்கள் வார்டின் தானியங்கி மழைமானியைத்தான் பார்க்க வேண்டும். நாள் மொத்தத்தையும் நம்ப வேண்டாம். 200 மி.மீ. மழை 24 மணி நேரமும் சீராகப் பெய்தால் மணிக்கு 8 மி.மீ. சொச்சம்தான், வடிகால் விழுங்கிவிடும். அதே 200 நான்கு மணி நேரத்தில் வந்தால் மணிக்கு 50. சிவப்பு எச்சரிக்கை நாள் மொத்தத்தை வைத்துத்தான் வருகிறது. சென்னையை அடுத்து மும்பைக்கும் 2020 ஜூன் 12 அன்று தொடங்கப்பட்ட ஐஃப்ளோஸ் முன்னறிவிப்பு மழை, கடல், ஆறு மூன்றையும் சேர்த்துப் பார்த்து எங்கே தண்ணீர் நிற்கும் என்று கணிக்கிறது. அதன் பின்னால் இருப்பது சென்னையிலுள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம். நகர அளவுக்கு அது பெரிய உதவி. ஆனால் உங்கள் சந்து வாயின் 5 மீட்டர் பள்ளத்துக்குப் பதில் சொல்ல அது செய்யப்படவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தச் சேவைக்குப் பணம் கொடுக்கிறோம்.

ஆகவே அறிக்கை வாங்குபவர்கள் ஒரே எண்ணை ஏற்காமல் ஒரு கட்டம் கேட்க வேண்டும். மேலிருந்து கீழே மணிக்கு 25, 50, 75 மி.மீ. மழை. இடமிருந்து வலமாகக் கடல் இறக்கம், நடு நிலை, 4.5 மீட்டருக்கு மேல். ஒன்பது கட்டத்திலும் இரண்டு எண்: எத்தனை நிமிடத்தில் வழி அடைபடும், எத்தனை மணி நேரம் கழித்துத் திறக்கும். மட்ட அளவுகளை ஏற்கெனவே எடுத்துவிட்டதால் இது அவர்களுக்கு ஒரு நாள் வேலை.

ஆட்கள் கணக்குக்கு வருவோம். இரண்டு இளைஞர்கள் பகல் பதினோரு மணிக்குப் படிவத்துடன் வந்து, சந்து வாயில் உட்கார்ந்திருந்த ஆண்களிடம் கேட்டு நிரப்பியிருக்கிறார்கள். பாதிக் கணக்கு அங்கேயே போய்விட்டது. வீட்டு வேலைக்குப் போன அக்காமார்கள் அந்த நேரத்தில் மாட்டுங்காவிலும் பாந்திராவிலும் இருப்பார்கள். விடியுமுன் இட்லித் தூக்குடன் கிளம்பியவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். மச்சில் வாடகைக்கு இருப்பவர்கள், பட்டறையிலேயே படுத்துக்கொள்ளும் தொழிலாளர்கள் யாருடைய பட்டியலிலும் இல்லை. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மறுமேம்பாட்டுக் கணக்கெடுப்பு நடக்கும் இடத்தில், படிவத்துடன் யார் வந்தாலும் வீடு போய்விடுமோ என்ற பயம் முதலில் வரும். இலவச வீட்டுக்குத் தகுதியை முடிவுசெய்யும் 2000 ஜனவரி 1 என்ற தேதியும் தரைத்தளமா மேல்தளமா என்ற கேள்வியும் எல்லோர் மனசிலும் ஓடிக்கொண்டிருக்கும்போது, "மாடியில எத்தனை பேர்?" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் உண்மை வராது. காகிதம் கேட்கக் கூடாது, பெயர்கூட வேண்டியதில்லை. சந்திலேயே இருக்கும் மகளிர் குழுப் பெண்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போய்க் கேட்டால் வரும் கணக்கே கணக்கு.

கேள்விகளும் சரியில்லை. "முதியோர், மாற்றுத்திறனாளி உண்டா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: வெளியே போக முடியாமல் இவர் எத்தனை மணி நேரம் தாங்குவார்? திடமாக நடமாடும் எழுபது வயதுத் தாத்தா இரண்டு நாள் தாங்குவார். ஒன்பதாம் மாதக் கர்ப்பிணிக்குத் தாங்கும் நேரம் பூஜ்யம் என்றே எழுத வேண்டும். டயாலிசிஸ் செய்பவருக்கு அடுத்த முறை என்றைக்கு என்பதைப் பொறுத்து அது நாளுக்கு நாள் மாறும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டில் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தாலும் நடைமுறையில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நம்பக் கூடாது. இன்சுலின் போடுபவர்களை "ஃபிரிட்ஜ் நின்றால் ஆபத்து" என்று அறிக்கை சிவப்பில் போட்டிருக்கிறது. அது தவறு. பெரும்பாலான இன்சுலின் வகைகள் திறந்த பிறகு 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் கெடாது. கேட்க வேண்டியது, கையில் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பதே. காசநோய் மாத்திரைக்கும் அதே கேள்விதான்.

கழிப்பறையை அறிக்கை ஒரே வரியில் முடித்துவிட்டது. எங்களைக் கேட்டால் இந்தச் சந்துகளில் தாங்கும் நேரத்தை முதலில் தீர்மானிப்பது அதுதான். பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழி தாழ்வாக இருந்தால், அல்லது அதன் தொட்டி நிரம்பி எதிர்த்து வந்தால், பெண்களும் குழந்தைகளும் சில மணி நேரத்திலேயே தவிக்கத் தொடங்குவார்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் அரிசி இரண்டு நாளுக்கு இருந்தும் பயனில்லை. கழிப்பறைப் படியின் மட்டத்தையும் அதே சிவப்புக் கோட்டிலிருந்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மேடான மாடி ஒன்றில் திரைகட்டி வாளி, மரத்தூள், மூடியுள்ள டப்பா வைக்க எந்த வீட்டார் சம்மதிப்பார்கள் என்பதை மே மாதத்திலேயே பேசி முடிக்க வேண்டும்.

குடிநீர்: 140 கோலி, கோலிக்கு ஐந்து பேர் என்றால் 700 பேர். குடிக்க மட்டும் தலைக்கு 3 லிட்டர் வைத்தாலும் நாளுக்கு 2,100 லிட்டர், 200 லிட்டர் டிரம்மில் பத்தரை டிரம். சந்தில் வைத்தால் ஸ்ட்ரெச்சர் வழி போய்விடும். மச்சிலும் மாடியிலும் பிரித்துத்தான் வைக்க வேண்டும். சாப்பாடு, மெழுகுவத்தி, சிலிண்டர் பற்றி அறிக்கை சொல்வது போதுமானது.

இன்னொரு விடுபடல் மனசை உறுத்துகிறது. இரவு வீட்டில் இருப்பவர்களை மட்டும் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2005இல் மழை பிற்பகலில் பிடித்தது. உள்ளே அடைபட்டவர்கள் ஒரு பக்கம், வீடு திரும்ப முடியாமல் வெளியே நின்றுபோனவர்கள் இன்னொரு பக்கம். பகல் இரண்டு மணிக்கு ஒரு சந்தில் ஆறு வயதுப் பிள்ளை தனியாக, அம்மா கிங்ஸ் சர்க்கிளுக்கு அந்தப் பக்கம் என்றால் அது தனி ஆபத்து. இரவுக்கு ஒரு கணக்கு, பகலுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வேண்டும். பகல் கணக்கில், தனியாக இருக்கும் பிள்ளைகளை எந்த வீட்டில் சேர்ப்பது என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்து அவர்கள் சந்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். வழிக்கு 20, தண்ணீருக்கு 15, முதியோருக்கு 10 என்று கூட்டினால், நல்ல வழி ஒன்று ஒரு கர்ப்பிணியின் நிலையை மறைத்துவிடும். 62 மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு தேவைக்கும் தாங்கும் நேரம், அதன் பக்கத்தில் வழி எத்தனை மணி நேரம் அடைபட்டிருக்கும் என்பது. தாங்கும் நேரம் குறைவாக இருந்தால் அந்த வீடு சிவப்பு. ஆக்சிஜன் மூன்றரை மணி நேரம், வழி அடைபட்டிருப்பது ஆறு மணி நேரம் என்றால் அந்த நபர் வழி அடைபடும் முன்பே வெளியே இருக்க வேண்டும். யார் தூக்குவது, எந்த நாற்காலி, எந்த வாசல் என்பது அதே வரியில் வர வேண்டும்.

செயல்திட்டத்தில் பாதி வேறெங்கோ எழுதியதை ஒட்டியதுபோல் இருக்கிறது. படகு ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். 90 செ.மீ. சந்தில் படகு நுழையாது. தங்குமிடமாக மாநகராட்சிப் பள்ளியைக் காட்டியிருப்பது சரி. 2025 ஆகஸ்டில் மித்தி 3.9 மீட்டரைத் தொட்டபோது குர்லா கிராந்தி நகர் மக்களையும் பள்ளியில்தான் தங்கவைத்தார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்குப் போகும் வழி மேலே சொன்ன முச்சந்திப் பள்ளத்தையே கடக்கிறது. மாநகராட்சியின் 1916 எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள், நல்லது. மின்சார மீட்டர் பெட்டிகளில் எது தரையிலிருந்து 60 செ.மீ.க்குக் கீழே இருக்கிறது என்ற பட்டியலும், வெள்ளத்தில் நடந்தவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற வரியும் விட்டுப்போயிருக்கின்றன. அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில். கேட்டபிறகு நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சர் திருப்பங்களின் பட்டியல் அதில் இல்லை. தூக்கப்போகிறவர்கள் படிக்க வேண்டிய பக்கமே அதுதான்.

வாங்கலாமா? ஆற்றோரம், ரயில் பாதையோரம், புதிதாக கான்கிரீட் போட்ட சாலையை ஒட்டிய சந்துகள் அவசியம் வாங்கலாம். ஏற்றமான இடத்தில் இரண்டு பக்கமும் அகலச் சாலை உள்ள சொசைட்டிகளுக்கு இது தேவையில்லை. பணம் கட்ட முடியாத கமிட்டிகள், 20 மீட்டர் டியூப் மட்டக் குழாய், அளவு நாடா, பெயிண்ட், மூங்கில் சட்டம் இவற்றை வைத்து மட்ட அளவையும் திருப்பச் சோதனையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தாங்களே செய்துகொள்ளலாம். கொத்தனார் ஒருவர் கூட இருந்தால் போதும். குழுவை அழைத்தால் பேசும்போதே நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: மழை-கடல் ஒன்பது கட்டம், பகல்-இரவு இரண்டு கணக்கு, தமிழில் முழு அறிக்கை, கடைசித் தவணை மழை நாள் வருகைக்குப் பிறகு. அந்த வருகையும் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாளில், ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்க வேண்டும். காலை பத்து மணிக்கு வருகிறோம் என்று அவர்கள் வசதிக்கு நாள் குறித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படியில் போட்ட அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு போட்டோ எடுத்து, பக்கத்தில் அசையாத வேறொரு தூணிலும் அதே மட்டத்தில் இரண்டாவது கோடு போட்டு வையுங்கள். அடுத்த மே மாதத்துக்குள் யாராவது அந்தப் படிக்கு டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள்.